மஞ்சள் தடவிய கோழியும் சுண்ணாம்புத் தண்ணீரும் ஒரு பழைய வேட்டியும்

கோழிக்கறியைக் குழாயடியில் அலசும்போது தண்ணீர் எதுவரைக்கும் தெறிக்கிறது என்பதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும் என்பது ஆரத்தி கரைத்த எல்லோருக்கும் தெரியும். நம் பக்கம் கறிக்கு மஞ்சள் தடவித்தான் அலசுகிறோம். அப்படியானால் அந்தத் தண்ணீர் விழுந்த இடத்தில் எல்லாம் கொஞ்சமாவது மஞ்சள் ஒட்டியிருக்கும், சுண்ணாம்புத் தண்ணீர் பட்டால் சிவந்து காட்டிக்கொடுத்துவிடும். இதை வைத்து ஆனையூரில் எங்கள் வீட்டு அடுப்படியில் செய்து பார்த்ததை எழுதுகிறேன். கோழிக்கறி சமைக்கிற வீட்டில் யாரும் செய்து பார்க்கலாம், காசு செலவில்லை.

கோழியைக் கழுவாதீர்கள் என்று அமெரிக்க வேளாண்மைத் துறை ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. பிரிட்டனில் 2014-ல் அரசின் உணவுத் தர முகமை இதற்கென்றே ஒரு பிரச்சாரம் நடத்தியது. காரணம் எளிமையானது. பச்சைக் கோழிக்கறியில் காம்பைலோபாக்டர், சால்மோனெல்லா என்கிற கிருமிகள் இருக்கலாம். தண்ணீரில் கழுவினால் அவை போகாது, தெறிக்கிற துளிகளோடு பக்கத்தில் இருக்கிற பாத்திரத்துக்கும் காய்க்கும்தான் போகும். கறியை நன்றாக வேகவைத்தால் எப்படியும் செத்துவிடும். அதனால் கழுவுவதில் லாபமில்லை, நஷ்டம் மட்டும் உண்டு என்பது அவர்கள் கணக்கு.

கணக்கு சரிதான். ஆனால் அவர்கள் கைக்கு வருகிற கோழி வேறு. ஆலையில் உரித்து, சுத்தம் செய்து, குளிரவைத்து, பொட்டலம் கட்டி வருவது. நம் தெருக்கடைக் கோழி நாமக்கல், பல்லடம் பக்கமிருந்து உயிரோடு வண்டியில் வருகிறது. கூண்டிலிருந்து எடுத்து நம் கண் முன்னால் அறுத்து, ரத்தம் வடிந்ததும் இறகோடு தோலை உரித்து, புளியங்கட்டையில் வைத்து வெட்டி, கவரில் போட்டுக் கொடுக்கிறார்கள். வீட்டுக்கு வந்து கவரைப் பிரித்தால் எலும்புச் சில்லு இருக்கும், ஒன்றிரண்டு இறகு இருக்கும், கட்டையின் மரத்தூள் இருக்கும். முதுகெலும்பை ஒட்டி நுரையீரல் துணுக்கு கறுஞ்சிவப்பாக ஒட்டியிருக்கும். எங்கள் அத்தை கேட்ட கேள்வியில் ஒரு தப்பும் இல்லை. "கட்டையில கெடந்து வந்தத அப்பிடியே சட்டியில அள்ளிப் போடச் சொல்றியா? பல்லுல எலும்புச் சில்லு குத்துனா யாரு பதில் சொல்றது?"

கழுவாதே என்று ஒரு பக்கம், கழுவாமல் முடியாது என்று இன்னொரு பக்கம். தண்ணீர் உண்மையில் எங்கே போகிறது என்பதைப் பார்த்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று தோன்றியது.

வீட்டுக்காரரின் கிழிந்த வெள்ளை வேட்டி ஒன்றை எடுத்துக்கொண்டேன். சோப்பில் துவைத்த துணியை நல்ல தண்ணீரில் பலமுறை அலசிக் காயப்போட வேண்டும். சோப்பின் காரம் மிச்சமிருந்தால் மஞ்சள் பட்டதுமே சிவந்து, பிறகு மங்கி, கணக்கு குழம்பிப்போகும். துண்டு துண்டாகக் கிழித்து, ஒன்றைச் சிங்க்குக்குப் பின்னால் சுவரில் ஒட்டினேன். ஒன்றை இடது பக்கம் காய் நறுக்குகிற மேடையில் விரித்தேன், ஒன்றை வலது பக்கம் கழுவின பாத்திரம் கவிழ்த்துவைக்கிற கூடையின் மேல் போர்த்தினேன். காலடியில் ஒன்று. என் இடுப்பில் ஒன்றைக் கட்டிக்கொண்டேன். சின்னச் சின்னத் துண்டாகக் கிழித்துக் குழாய்த் திருகு, உப்பு ஜாடி மூடி, பிரிட்ஜ் கைப்பிடி, மிளகாய்த்தூள் டப்பா இவற்றிலும் சுற்றினேன். கடைசியில் சொன்ன இந்தத் துண்டுகளை ஒப்புக்குத்தான் சுற்றினேன், அவைதான் பிறகு அதிகம் பேசின.

சுண்ணாம்பு, வெற்றிலைக் கடையில் வாங்கியது. சுண்டைக்காய் அளவு எடுத்து ஒரு சொம்புத் தண்ணீரில் கரைத்து, அடியில் படியவிட்டு, மேலே தெளிந்த தண்ணீரை மட்டும் இறுத்து, துணி தேய்க்கும்போது தெளிக்கிற பாட்டிலில் ஊற்றிக்கொண்டேன். கண்ணில் பட்டால் பொத்துவிடும், குழந்தைகளைப் பக்கத்தில் விடக்கூடாது. கறிக்கு வழக்கத்தைவிடத் தாராளமாக மஞ்சள்தூள் போட்டுப் பிசைந்தேன்.

முதலில் எல்லோரும் செய்கிற மாதிரி. எங்கள் குழாய் சிங்க்கின் அடியிலிருந்து ஒரு முழத்துக்கு மேல் உயரத்தில் கொக்கி மாதிரி வளைந்து நிற்கிறது. மாடித் தொட்டித் தண்ணீர், வேகம் உண்டு. ஒவ்வொரு துண்டாகக் கையில் பிடித்துத் திருப்பித் திருப்பி அலசினேன். முடிந்ததும் துணிகளை எடுத்து நிழலில் உலர்த்தினேன். வெறும் கண்ணுக்கு மேடைத் துணியில் சில மஞ்சள் பொட்டுகள் தெரிந்தன, அவ்வளவுதான். சுண்ணாம்புத் தண்ணீரைத் தெளித்தேன்.

பாத்திரக் கூடையின் மேல் போட்ட துணி முழுக்கச் சிவப்புப் புள்ளி. பெரும்பாலானவை கடுகுக்கும் சிறியவை, நடுவில் கொஞ்சம் பெரிய சொட்டுகள். காய் நறுக்குகிற பக்கம் சிங்க் விளிம்பிலிருந்து ஒன்றரை முழம் தள்ளியும் புள்ளிகள் கிடந்தன. இடுப்புத் துணி தொப்புளுக்கு மேல்வரை சிவந்திருந்தது. சுவரிலும் உண்டு. அந்தக் கூடையில்தான் தினமும் தட்டும் தம்ளரும் கவிழ்த்துவைக்கிறோம். அதை எடுத்து மறுபடி கழுவாமல்தான் பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொடுக்கிறோம்.

இதைச் செய்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிவப்பு நிற்காது. துணி காயக் காயக் காற்று பட்டுச் சுண்ணாம்பின் காரம் தணிந்து நிறம் மஞ்சளுக்குத் திரும்பிவிடும். ஈரமாக இருக்கும்போதே ஒவ்வொரு புள்ளியையும் பென்சிலால் வட்டமிட்டுவிட வேண்டும். இன்னொன்று, சிவந்த இடமெல்லாம் கிருமி என்று அர்த்தமில்லை. கறியைத் தொட்ட தண்ணீர் எங்கே போனது என்பதை மட்டும்தான் இந்த நிறம் சொல்கிறது. எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

தண்ணீர் ஏன் இப்படி விசிறியடிக்கிறது என்பதற்கும் ஆய்வு இருக்கிறது. 2022-ல் பிசிக்ஸ் ஆஃப் புளூயிட்ஸ் என்கிற ஆய்விதழில், கோழியைக் கழுவும்போது தெறிக்கிற தண்ணீரைப் பற்றியே ஒரு கட்டுரை வந்தது. குழாய் உயர உயரத் தெறிப்பு கூடுகிறது. கறி மெத்தென்று இருப்பதால் தண்ணீர் விழுகிற இடம் லேசாகக் குழிகிறது, கரண்டிக் குழியில் குழாய்த் தண்ணீர் விழுந்தால் எப்படி மேல்நோக்கி வீசுமோ அப்படி வீசுகிறது. தெறித்த துளிகளில் கிருமி இருந்ததையும் அவர்கள் பார்த்திருக்கிறார்கள். உயரத்தில் வளைந்து நிற்கிற குழாய்தான் இப்போது புது வீடு கட்டுகிற எல்லோருக்கும் பிடிக்கிறது. பெரிய குண்டான் கழுவ வசதி, உண்மைதான். கறிக்கு அது ஆகாது.

அத்தை அந்தத் துணிகளை ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். "எங்க ஊர்ல இப்பிடியாத்தா கழுவுனோம்?" என்றார்கள். அலங்காநல்லூர்ப் பக்கம் அவர்கள் பிறந்த வீடு. சேவலை அறுத்து வெந்நீரில் முக்கி, இறகு பிடுங்கி, ஓலையைக் கொளுத்தி வாட்டி, மஞ்சள் பூசித் தேய்த்து, பின்கட்டில் சருவச்சட்டித் தண்ணீருக்குள் போட்டுக் குத்தவைத்து உட்கார்ந்து கழுவுவார்கள். தண்ணீரை வாழை மூட்டில் சாய்த்துவிடுவார்கள். கறி சுத்தமான பிறகுதான் அடுப்படிக்குள் வரும். அங்கே குழாய் கிடையாது, பக்கத்தில் தட்டு தம்ளர் கிடையாது. தெறித்தாலும் மண்ணில்தான், அதுவும் வெயிலில். கறி கழுவுகிற பழக்கத்தை மட்டும் தூக்கிக்கொண்டு நாம் அடுப்படிக்குள் வந்துவிட்டோம். சட்டியையும் பின்கட்டையும் அங்கேயே விட்டுவிட்டோம். எனக்கு இந்த விஷயம் பிடிபட்டது அத்தை இதைச் சொன்ன பிறகுதான்.

அடுத்து வாங்கிய கறியில் சிங்க்குக்குள் ஒரு பேசினை வைத்து, அதில் கறியைப் போட்டுக் குழாயைத் திறந்து பார்த்தேன். தண்ணீர் நிரம்பிக் கறி முங்கும்வரை தெறிப்பு அப்படியேதான் இருந்தது. முங்கின பிறகு குறைந்தது. ஆக, முதலில் தண்ணீர், பிறகு கறி. வரிசையை மாற்றினாலே பாதி ஜெயம்.

அதற்குப் பிறகு முழுக்க அத்தை சொன்ன வழி. பின்பக்கம் துணி துவைக்கிற இடத்தில் அகலமான சட்டியை வைத்து, முக்கால்வாசி தண்ணீர் நிரப்பி, கறியைக் கவரோடு தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டுபோய் மெதுவாகச் சரித்தேன். கையை உள்ளேவிட்டு நிதானமாகத் துழாவினால் எலும்புச் சில்லு அடியில் நிற்கும், இறகு மேலே மிதக்கும். நுரையீரல் துணுக்கை விரலால் நெம்பி எடுத்தேன். சட்டியைச் சுற்றி நாலு பக்கமும் துணி விரித்திருந்தேன். தண்ணீரைச் சாய்த்த பக்கம் மட்டும் சாக்கடை வாயருகே ஒரு சாண் அளவுக்குச் சிவந்தது. மற்ற மூன்று துணியும் வெள்ளையாகவே இருந்தன. மாடி வீட்டில், அடுக்ககத்தில் இருப்பவர்களுக்குப் பின்கட்டு இருக்காது. அவர்கள் குளியலறைத் தரையில் வைத்துச் செய்துவிட்டு, பிறகு தரையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துவிடலாம். அதுவும் முடியாதென்றால் சிங்க்கைக் காலிசெய்துவிட்டு, தண்ணீர் நிரப்பிய பாத்திரத்தை உள்ளே ஆழமாக வைத்துச் செய்யலாம். அடுக்கின பாத்திரத்தை மட்டும் முதலில் அப்புறப்படுத்திவிட வேண்டும்.

இப்போது அந்தச் சின்னத் துண்டுகளின் கதை. சட்டியில் கழுவினபோது ஒரு பொட்டுத் தெறிக்காத அன்றுகூடக் குழாய்த் திருகில் சுற்றின துண்டு சிவந்தது. உப்பு ஜாடி மூடியில் கட்டைவிரல் ரேகையோடு சிவப்பு. மிளகாய்த்தூள் டப்பாவில் நாலு விரல். பிரிட்ஜ் கைப்பிடியில் உள்ளங்கை. தண்ணீர் இவ்வளவு தூரம் வரவில்லை. என் கை வந்திருக்கிறது. கறியைப் பிசைந்த கையோடு உப்பு போதவில்லை என்று ஜாடியைத் திறப்பது, தயிர் எடுக்க பிரிட்ஜைத் திறப்பது, எல்லா அடுப்படியிலும் நடக்கிறதுதான்.

அமெரிக்க வேளாண்மைத் துறை 2019-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைத்தான் சொல்கிறது. 300 பேரைச் சமைக்கச் சொல்லி, தீங்கில்லாத ஒரு கிருமியை அடையாளத்துக்காகக் கோழிக்கறியில் சேர்த்து, அது எங்கெங்கே போய்ச் சேர்கிறது என்று பார்த்தார்கள். கறியைக் கழுவியவர்களில் 60 சதவீதம் பேரின் சிங்க்கில் அந்தக் கிருமி இருந்தது. சிங்க்கைச் சுத்தம் செய்த பிறகும் 14 சதவீதம் பேரின் சிங்க்கில் மிச்சமிருந்தது. கழுவியவர்களில் 26 சதவீதம் பேருக்குப் பச்சையாகச் சாப்பிடுகிற கீரையில் போய்ச் சேர்ந்தது. கழுவாதவர்களிலும் 31 சதவீதம் பேருக்குக் கீரையில் கிருமி இருந்தது. கழுவாமல் விட்டால் போதும் என்று நினைப்பவர்கள் இந்தக் கடைசி எண்ணைத் திரும்பப் படிக்க வேண்டும். கையைச் சரியாகக் கழுவாததும், சிங்க்கிலும் பாத்திரத்திலும் ஒட்டியிருந்ததும்தான் இதற்குக் காரணமாக இருக்கும் என்கிறார்கள். நம் வீட்டில் அந்தக் கீரைக்குப் பதில் தயிர் வெங்காயமும் கடைசியில் தூவுகிற மல்லித்தழையும்.

அதனால் இப்போது எங்கள் வீட்டில் வேலையின் வரிசை மாறியிருக்கிறது. வெங்காயம் நறுக்கித் தயிரில் போட்டு, மல்லித்தழை ஆய்ந்து, இரண்டையும் மூடி அடுப்படிக்கு வெளியே வைத்துவிட்ட பிறகுதான் கறிக் கவர் பிரிகிறது. உப்பு, மிளகாய்த்தூள், மல்லித்தூள் எல்லாம் வேண்டிய அளவு ஒரு தட்டில் முன்கூட்டியே எடுத்துவைத்துவிடுகிறேன், டப்பாவைத் தொடுகிற வேலையே இல்லை. கை கழுவ ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் சட்டிக்குப் பக்கத்திலேயே. மகன் இருந்தால் மொண்டு ஊற்றுவான், குழாய்த் திருகைத் தொட வேண்டியதில்லை. இப்படி மாற்றின பிறகு ஜாடி மூடித் துண்டு வெள்ளையாகவே வந்தது.

சிங்க்கைக் கழுவிய பிறகும் ஒருமுறை பார்த்தேன். சுண்ணாம்புத் தண்ணீரில் நனைத்த வெள்ளைத் துணியால் சிங்க் முழுக்கத் துடைத்தால் எவர்சில்வர்ப் பரப்பில் ஒன்றும் வரவில்லை. சாக்கடை வாயில் இருக்கிற சல்லடையின் விளிம்பில் சிவந்தது. பாத்திரம் தேய்க்கிற நாரைப் பிழிந்தால் துணி நன்றாகவே சிவந்தது. கறிச் சட்டியைத் தேய்த்த நாரால் பால் பாத்திரத்தைத் தேய்ப்பதை அன்றோடு நிறுத்தியாயிற்று. கறிப் பாத்திரத்துக்குத் தனி நார், அதைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுக்கிறேன். சிங்க்குக்கு முதலில் சோப்பு, நன்றாகக் கழுவிய பிறகு பிளீச். 4 லிட்டர் தண்ணீருக்கு வாசனை சேர்க்காத திரவ பிளீச் 1 மேசைக்கரண்டி போதும். பிளீச்சோடு வினிகரையோ வேறு எந்தக் கழிவறை சுத்தம் செய்கிற திரவத்தையோ கலந்துவிடக்கூடாது, நச்சு வாயு கிளம்பும்.

மஞ்சள், கல் உப்பு, எலுமிச்சை, வினிகர் போட்டுக் கழுவினால் கிருமி போய்விடும் என்று சிலர் சொல்கிறார்கள். கவிச்சி வாடை குறையும், வழுவழுப்பு போகும், அதற்காகப் போடுங்கள். கிருமிக்கு அதை நம்பக்கூடாது. கறியின் மடிப்பிலும் தோலில் இறகு முளைத்த குழியிலும் ஒட்டியிருப்பதை அலசல் எட்டாது. அதைக் கொல்வது சூடு மட்டும்தான். உள்ளே தடித்த இடத்தில் 74 டிகிரி செல்சியஸ் வந்தால் போதும். குழம்பில் கொதிக்கிற துண்டு அதைத் தாண்டிவிடும், கவலையில்லை. பொரிக்கிறபோதுதான் பார்க்க வேண்டும். தீயைக் கூட்டிவைத்தால் மேலே கருகி, எலும்போரம் பச்சையாக நிற்கும். உணவில் குத்திப் பார்க்கிற வெப்பமானி ஒன்று வாங்கிவைத்திருக்கிறேன். தொடைக் கறியில் எலும்பைத் தொடாமல் குத்தி, எண் வந்த பிறகுதான் எடுக்கிறேன்.

காம்பைலோபாக்டர் உள்ளே போனால் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வயிற்றுவலியும் பெரும்பாலும் 2 முதல் 5 நாள் கழித்துத்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக் கறிக்கு புதன்கிழமை வயிறு கெடும். நாம் செவ்வாய்க்கிழமை ராத்திரி சாப்பிட்ட புரோட்டாவைத் திட்டிக்கொண்டிருப்போம். அதனாலேயே நம் அடுப்படி மேல் நமக்குச் சந்தேகம் வருவதில்லை. பெரும்பாலோருக்கு ஒரு வாரத்தில் சரியாகிவிடும். சின்னக் குழந்தைக்கும் வயசாளிக்கும் கர்ப்பிணிக்கும் அப்படி விட்டுவிட முடியாது.

கடையிலும் ஒரு வேலை இருக்கிறது. வெட்டின கறியை, காலையிலிருந்து பல கோழி முங்கின அதே வாளித் தண்ணீரில் ஒரு முக்கு முக்கித்தான் கவரில் போடுகிறார்கள். ஒரு கோழியில் இருப்பது எல்லாக் கோழிக்கும் போக அதைவிட நல்ல வழி இல்லை. கடைக்காரரிடம் சொன்னேன். "பாய், வாளியில முக்காதீங்க. முதுகெலும்புல ஒட்டியிருக்கத மட்டும் கத்தியால சொரண்டிட்டு அப்பிடியே போடுங்க."

"அக்கா, கழுவாமக் குடுத்தா சுத்தமில்லம்பாக. அதுக்குத்தேன் முக்குறது."

"நான் சொல்ல மாட்டேன் பாய். எனக்கு முக்காமலே குடுங்க."

இப்போது கேட்காமலே சுரண்டிக் கொடுக்கிறார். கட்டையை ஒரு வழிவழித்துவிட்டு வெட்டுகிறார், சில்லும் குறைகிறது. வீட்டில் அலச வேண்டியதும் குறைந்தது. ஒரு தண்ணீரில் முடிந்துவிடுகிறது. அத்தைக்கு மட்டும் இரண்டாம் தண்ணீர் வேண்டும், அதையும் பின்கட்டில்தானே செய்கிறார்கள் என்று நான் தடுப்பதில்லை. கடையிலிருந்து குளிரூட்டிய பொட்டலக் கோழி வாங்கினால் கழுவுவதே இல்லை. ஈரத்தை ஒரு காகிதத் துண்டால் ஒற்றி, காகிதத்தைக் குப்பையில் போட்டுவிட்டு, நேரே மசாலாதான்.

ஈரல் விஷயத்தை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். கறி வேகும் முன்னால் ஈரலை எடுத்து மிளகு உப்பு போட்டு லேசாக வதக்கிப் பிள்ளைகளுக்கு முதலில் ஊட்டிவிடுவது நம் வழக்கம். மெத்தென்று இருக்க வேண்டும் என்று சீக்கிரம் இறக்கிவிடுவார்கள். காம்பைலோபாக்டர் ஈரலின் மேலே மட்டுமில்லை, உள்ளேயும் இருக்கலாம். எத்தனை தண்ணீரில் அலசினாலும் அங்கே போகாது. ஈரலைச் சின்னதாக நறுக்கி, நடுவில் சிவப்பு கொஞ்சமும் தெரியாமல் போகிறவரை வதக்கி, ஒன்றைப் பிட்டுப் பார்த்த பிறகு பிள்ளைகள் கையில் கொடுங்கள்.